எதிர்வீட்டு ஆந்தை

கம்பு டப்பாவின் மூடியைத் திறந்தால் போதும், அந்தச் சத்தத்துக்கே புறாக்கள் வந்து இறங்கிவிடும். அன்று காலை வேல்விழி மூடியைத் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தாள். ஒன்றுகூட வரவில்லை. எல்லாம் தெருமுனை மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்து, ரேஷன் கடை திறக்காத எரிச்சலில் நிற்பவர்களைப் போல அவள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தன. இதுகளுக்கு என்ன வந்தது என்று நிமிர்ந்தபோதுதான் எதிர்க் கட்டடத்து பால்கனியில் அதைக் கண்டாள். கைப்பிடிச் சுவரின்மேல் ஓர் ஆந்தை. மஞ்சள் கண்கள், கொம்பு போல நிமிர்ந்த காதுகள், நெஞ்சில் பழுப்புப் புள்ளிகள். அவளையே நேராகப் பார்த்தது. துறைமுகத்துப் பக்கமிருந்து வந்த காற்றில் கொடியில் கிடந்த லுங்கிகூடப் படபடத்தது; ஆந்தையின் ஓர் இறகும் அசையவில்லை.

பிரையண்ட் நகரின் அந்தத் தெருவில் கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே ஒரு குட்டியானை வண்டி போகிற அகலம்தான். எதிர்வீட்டில் தாளித்தால் இங்கே தும்மல் வரும். அவ்வளவு பக்கத்தில் பட்டப்பகலில் ஆந்தையா என்று அவள் யோசித்து முடிப்பதற்குள் மாமியார் அருணாசலவடிவு பின்னால் வந்து எட்டிப் பார்த்துவிட்டாள்.

"ஏ தாயி, உள்ள வாளா! சாக்குருவில்லா அது!"

இழுத்த இழுப்பில் டப்பாவிலிருந்த கம்பு தரையெல்லாம் சிதறியது. அடுத்த நிமிடம் அடுப்படியிலிருந்து உப்பும் மிளகாயும் வந்து, வேல்விழியின் தலையைச் சுற்றி, தீயில் வெடித்தன.

அருணாசலவடிவைக் குறை சொல்லவும் முடியாது. ஏரல் பக்கத்து வயலையும் மாட்டையும் அடுத்த வீட்டில் ஒப்படைத்துவிட்டு, மருமகள் வயிற்றைக் காவல் காப்பதற்கென்றே அவள் வந்து கிடக்கிறாள். வேல்விழிக்கு இதற்கு முன்பு தங்கிய இரண்டும் நான்காம் மாதத்தைத் தாண்டவில்லை. இது ஏழாம் மாதம். ஜோசியர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். பிரசவம் ஆகும்வரை விடிந்ததும் தன் கையால் புறாவுக்குத் தீனி போட வேண்டும், ஒரு நாளும் விடக் கூடாது. கப்பல் ஏஜென்சியில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து சரக்குப் பேப்பர்களைத் திருத்துகிற வேல்விழிக்கு ஜோசியத்தில் நம்பிக்கை கிடையாது. விட்டுப் பார்க்கிற தைரியமும் கிடையாது. தீனி போட ஆரம்பித்த பிறகுதான் பிள்ளை தங்கியிருக்கிறது. இதற்கு மேல் அவளிடம் யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

கன்டெய்னர் யார்டில் இரவு ஷிப்ட் முடிந்து வந்த அவள் கணவன் முத்துச்செல்வம், ஹெல்மெட்டைக் கழற்றாமலே பால்கனிக்குப் போய்ப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"எம்மா, அது பிளாஸ்டிக் பொம்ம. புறாவ வெரட்டுததுக்கு வைக்கது. ஆன்லைன்ல விக்கான்."

"பொம்மயா இருந்தா என்னலே? மொகம் இங்கனதான பாக்குது? எவனாவது போற வார எடத்துல சாக்குருவிய வைப்பானா?"

அவன் படுத்துத் தூங்கிவிட்டான். சாயங்காலம்வரை கம்பு அப்படியே கிடந்தது. எறும்புகள் மட்டும் வந்தன. மதியத்துக்குமேல் வயிற்றில் அசைவு குறைந்தது போல வேல்விழிக்குப் பட்டது. குறைந்ததா, தான் எண்ணிக்கொண்டே இருப்பதால் அப்படித் தோன்றுகிறதா தெரியவில்லை. பயமாக இருந்தது. பொம்மை என்று தெரிந்தும் பயமாகத்தான் இருந்தது. ஐந்து மணிக்கு முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் எதிர்க் கட்டடத்துப் படியேறினாள்.

கதவைத் திறந்த பிளாரன்ஸைத் தெருவில் கறிகாய் வண்டியருகே பார்த்துச் சிரித்ததோடு சரி, வீட்டுக்குள் வந்ததில்லை. மாதா படத்துக்குக் கீழே நாற்காலியில் அவள் கணவர் இஞ்ஞாசி இருந்தார். மாலத்தீவுக்குச் சரக்கேற்றிப் போகும் தோணியை நடத்தும் தண்டலாக, ஆட்களை அதட்டி வேலை வாங்கிய மனிதர். இப்போது மூக்கில் ஒரு குழாய். பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் புஸ் புஸ் என்று அவருக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. இதைப் பார்த்ததும் திரும்பிப் போயிருக்கலாம். வேல்விழி போகவில்லை. வந்த வேகத்திலேயே கேட்டுவிட்டாள்.

"அக்கா, அந்த ஆந்தய எடுத்துருங்கக்கா. இல்ல, வேற பக்கமாச்சும் திருப்பி வைங்க. எங்க அத்த ரொம்பப் பயப்படுதாவ."

பயப்படுவது அத்தைதான் என்று சொன்னது அவளுக்கே உறுத்தியது.

பிளாரன்ஸின் முகம் மாறியது. "எடுக்கதா? எதுக்கு வச்சிருக்கோம்னு தெரியுமா ஒனக்கு? இவுகளுக்கு நெஞ்சு பூராம் புறா எச்சத் தூசின்னு டாக்டர் சொல்லிட்டாரு. பால்கனியில ஒரு புறா நிக்கக் கூடாதாம். ஒன் வீட்டுல தின்னுட்டு நேரா இங்கனதான் வந்து ஒக்காருது. வல கட்டிப் பாத்தோம். கால் சிக்கி ரெண்டு செத்துச்சு, வலய அறுத்துப் போட்டுட்டேன்."

வேல்விழிக்குக் காது சூடானது. தினமும் காலையில் கையைத் தட்டிவிட்டு உள்ளே போகிறவள் அவள். தின்றுவிட்டுப் புறாக்கள் எங்கே போகின்றன என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லாக்கா."

"நான் சொல்லத்தான் கெளம்புனேன். இவுகதான் விடல."

இஞ்ஞாசி கையை உயர்த்தி மனைவியை நிறுத்தினார். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார். "நீ விடியக்காலம் வயித்தத் தடவிக்கிட்டே தீனி போடுத. பாத்தாலே தெரியுது, அது நேர்ச்ச. நேர்ச்சய நிப்பாட்டச் சொன்னா பாவம் எங்களுக்குல்லா? அதான் பொம்ம வாங்குனோம். நீ பாட்டுக்குப் போடு, அதுக தின்னுட்டு வேற எங்கயாவது போவட்டும்னு."

"அது ஆந்தையா இருக்கேன்னுதான்..."

"ஆந்தன்னா என்ன? எங்களுக்கு அது ஒரு பறவம்மா." அவருக்கு லேசாகச் சிரிப்புகூட வந்தது. சிரிப்பு இருமலாக மாறி, அடங்க வெகுநேரமானது. பிளாரன்ஸ் அவர் முதுகைத் தடவியபடியே வேல்விழியைப் பார்க்காமல் நின்றாள். இருமல் நின்றதும் அவர் சொன்னார். "திருப்பி வையி, பிளாரன்சு. புள்ளத்தாச்சி வாய்விட்டுக் கேட்டுட்டா, இல்லன்னு சொல்லக் கூடாது."

வேண்டாம் அண்ணாச்சி, இருக்கட்டும். இதைத்தான் வேல்விழி சொல்லியிருக்க வேண்டும். நாக்கின் நுனிவரை வந்தது. அந்த நேரம் பார்த்து வயிற்றுக்குள் பிள்ளை ஒரு பக்கமாக உருண்டது. மதியத்துக்குப் பிறகு முதல் அசைவு. அவள் வாயை மூடிக்கொண்டாள். "வாரேன்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துப் படியிறங்கினாள்.

மறுநாள் காலை அருணாசலவடிவுதான் முதலில் பார்த்தாள். எதிர் பால்கனியில் ஆந்தையின் முதுகு மட்டும் தெரிந்தது. முதுகில் கம்பெனி முத்திரையும், உள்ளே மணல் நிரப்புகிற ஓட்டைக்கு ஒரு வெள்ளை மூடியும். பின்னாலிருந்து பார்த்தால் யாரும் பயப்பட அதில் ஒன்றுமில்லை.

"அப்பாடா, மூஞ்சத் திருப்பிட்டுல்லா. இனி அது அவுக பாடு" என்று அவள் காப்பி போடப் போனாள்.

வேல்விழி டப்பாவோடு பால்கனியில் நின்றாள். மூடியைத் திறந்த சத்தத்துக்குப் புறாக்கள் மின்கம்பியை விட்டுக் கிளம்பின. ஒன்று நேராகப் போய் ஆந்தையின் தலைமேல் உட்கார்ந்து, அதன் காதைக் கொத்திப் பார்த்துவிட்டு, எச்சமிட்டது. மற்றவை அவள் காலடியில் இறங்கிக் கழுத்தை நீட்டின. எதிர்வீட்டின் மூடிய கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அதே நாற்காலி. இஞ்ஞாசி இந்தப் பக்கம் முகம் வைத்து உட்கார்ந்திருந்தார். ஆந்தை இப்போது அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மெஷினின் சத்தம் இவ்வளவு தூரம் கேட்க வழியில்லை, ஆனாலும் கேட்டது. அவர் அவளைக் கண்டதும் கையைத் தூக்கி, விரல்களை விரித்து உதறிக் காட்டினார். போடு, போடு.

டப்பாவுக்குள் விட்ட கையை அவள் மெல்ல வெளியே எடுத்தாள். பிடி நிறையக் கம்பு. அதை வீசவும் இல்லை, திருப்பிப் போடவும் இல்லை. இறுக மூடிய கையை வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு எதிரே பார்த்தபடி நின்றாள். விரலிடுக்குகளின் வழியே கம்பு ஒவ்வொன்றாக உதிர்ந்தது. கீழே புறாக்கள் கொத்தத் தொடங்கியிருந்தன.