இன்ஜினுக்கு அடியில் ஒரு குரல்

பாட்டைச் சத்தமாக்குவதில் முடிச்சூர் கிரீஷை மிஞ்ச ஆளில்லை என்று பேர். அந்தப் பேர் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கேறியும் இருந்தது. "ஷேர் ஆட்டோல ஒரு குண்டு ஆளு காலை விரிச்சு உக்காந்தா மத்தவங்க எங்க உக்கார்றது? பாட்டுல அந்த ஆளு பேஸ்ங்கற அடிச்சத்தம். அவனை ஒடுக்கினாதான் மத்த சத்தத்தைத் தூக்க முடியும்" என்பான், தன் ரெக்கார்டிங் ஸ்டுடியோவுக்கு வருகிறவர்களிடமெல்லாம்.

கேளம்பாக்கத்துக்கு அப்பால் கடலோரக் குப்பத்திலிருந்து, இளைய மகன் குணாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள் மீன் விற்கும் குப்பம்மா. மூத்தவன் சின்னதம்பி கடலுக்குப் போய்த் திரும்பாமல் ஒரு வருஷமாகிறது. உடல்கூடக் கிடைக்கவில்லை. மிச்சம், ஓடும் படகில் அவன் பாடி, கூட்டாளியின் போனில் பதிவான இரண்டு நிமிஷப் பாட்டுதான். குப்பம்மாவுக்கோ காது பாதி போய்விட்டது. மெஷின் வைத்தும் பிரயோஜனமில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"சாவுறதுக்குள்ள ஒரு தபா அவன் கொரல கேக்கணும் தம்பி. நல்லா சத்தமா வையி."

கிரீஷ் மூன்று நாள் அதிலேயே கிடந்தான். இன்ஜினின் உறுமல் இருந்த பேஸ் முழுவதையும் வெட்டினான். கிடைத்த இடத்தில் குரலைத் தூக்கினான். நாலாம் நாள் இருவரையும் உட்காரவைத்துப் போட்டான்.

குணா அழுதேவிட்டான். "யம்மா, அண்ணன் பக்கத்துல நின்னு பாடற மாரி கீதும்மா!"

குப்பம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். "ஏன்டா அழுவுற? இன்னா தம்பி, இன்னும் போடலயா?"

கிரீஷுக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் காதில் மிஞ்சியிருந்தது அடிச்சத்தம் ஒன்றுதான். அதைத்தான் கெட்டிக்காரத்தனமாக வெட்டி எறிந்திருந்தான். குரலின் கனத்தை மட்டும் திரும்பக் கொண்டுவரப் பார்த்தான். கனமும் இன்ஜினும் ஒன்றாகப் பின்னிக் கிடந்தன. எத்தனை முறை பிரித்தாலும் இன்ஜின்தான் முந்திக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் பேசிய பேச்சில் ஒன்றுகூடக் கைகொடுக்கவில்லை.

கடைசியில் வெட்டியதையெல்லாம் அப்படியே திருப்பிப் போட்டான். ஜன்னல் அதிர்ந்தது.

"கேக்குது!" குப்பம்மா ஸ்பீக்கர்மேல் கையை வைத்தாள். "இன்ஜின் கேக்குது தம்பி. அவன் எங்க பாடறான்?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தான் கிரீஷ். வாய் வரவில்லை. "அவர் பாடும்போது விரலைத் தூக்கிக் காட்டறேம்மா" என்று சைகையோடு உரக்கச் சொன்னான்.

சின்னதம்பி பாடத் தொடங்கியதும் விரலை உயர்த்தினான். அவள் அந்த விரலையே பார்த்துக்கொண்டு தலையாட்டினாள். இரண்டு நிமிஷம். பாட்டு முடிந்தது, விரல் தாழ்ந்தது, இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"கைய எறக்காத தம்பி" என்றாள் குப்பம்மா.