புளி போட்டுத் தேய்த்த கல்

பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். ஆசீர்வாதத்தை அப்படிச் சொன்னால் நாக்கு அழுகும். கல்வராயன் மலையில் பாறை ஆராய்கிற முகாமில் கூலிக்குப் போனவன், வரும்போதெல்லாம் அம்மா செபஸ்தியம்மாளுக்கு எதையாவது கொண்டுவருவான். கடைசியாகக் கொண்டுவந்தது உள்ளங்கை அளவு கருங்கல். மேலே இளஞ்சிவப்பாய்ச் செதில் படிந்திருந்தது. லீவு முடிந்து ஆபீசர் வரும்வரை பத்திரமாக வைக்கச் சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் எடுத்துவர மழையோடு மலையேறினான். திரும்பவேயில்லை.

கோமுகி ஆறு அடித்துப் போயிருக்கும் என்று கரையெல்லாம் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள். ஊருக்கெல்லாம் மெழுகுவர்த்தி ஏற்றக் கல்லறை இருந்தது, அவளுக்கு அந்தக் கல்தான் இருந்தது. கோயில் பித்தளை விளக்குகளைத் தேய்க்கிற கை அவளுடையது. மகன் கல் அழுக்காக இருக்கலாமா? புளி கரைத்து ஊறப்போட்டாள். பொடிப்பொடியாய் நுரைத்தது. அழுக்கு விடுகிறது என்று சந்தோஷப்பட்டாள். நாரால் தேய்த்து, அந்தத் தண்ணீரை வாசல் கனகாம்பரத்துக்கு ஊற்றினாள்.

மறுநாள் காலையில் ஆபீசர் அரங்கநாதன் வந்தார். செய்தி கேட்டதிலிருந்து சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார் போல. அவன் விட்டுப்போன கல்லைக் கேட்டார். அந்தச் செதிலின் பெயர் லாந்தனைட் என்றார். பாறையில் தண்ணீர் கசியும் இடத்தில் அபூர்வமாகப் படிவது. மலையின் கசிவு ஓடைகளையெல்லாம் அவர் சோதித்து வைத்திருந்தார். செதிலில் கலந்திருப்பதைப் பார்த்தால் எந்த ஓடைக்குப் போனான் என்று சொல்லிவிடலாம், அங்கே தேடலாம்.

அவள் ஓடிப்போய் முந்தானையில் ஏந்தி வந்தாள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேல இருந்தது எங்கம்மா?"

"புளி போட்டு நல்லா தேச்சிட்டேன் சார்."

அவர் கல்லை அவளிடமே நீட்டினார். அவள் விடாமல் கேட்டதால் சொன்னார். நகம் பட்டாலே கீறல் விழும் மென்மையான செதில் அது, புளிப்புப் பட்டால் நுரைத்துக் கரைந்துவிடும். மிச்சமிருக்கும் கருங்கல்லோ, மலை முழுக்க ஒரே மாதிரிதான்.

"அது இல்லாம எடம் தெரியாதா சார்?"

"தெரியாதும்மா."

அவளை யார் குறை சொல்வது? எந்தத் தாயும் அதைத்தான் செய்திருப்பாள். ஆனால் அதைச் சொன்னால் அவளுக்கு ஆறுமா? கல்லை அவரிடமே கொடுத்துவிட்டாள். இனி அது அவளுக்கு வேண்டாம்.

சாயங்காலம் ஊரே கல்லறைக்குக் கிளம்பியது. பக்கத்து வீட்டு ரீத்தா பூப்பறிக்க வந்தாள். கனகாம்பரத்தின் வேரடியில் ஒரு மெழுகுவர்த்தி எரிந்தது. செபஸ்தியம்மாள் மண்ணில் முழங்காலிட்டிருந்தாள்.

"அங்க மிதிக்காதடி," என்றாள். "எம் புள்ள அங்கதான் கீறான்."