பின்விளக்குக் கேஸ்

1961 புரட்டாசி. விருதுநகர் சப்-மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அன்று காலை இருந்தவர்கள்:

மாஜிஸ்திரேட். சளி பிடித்திருந்தது, எரிச்சலாக இருந்தார்.

கேஸ் எழுதிய ஏட்டு தேவாசீர்வாதம்.

எம். புதுப்பட்டி வெடிக் கம்பெனி மேனேஜர் சண்முகவேல். அவர் கூட்டி வந்த இரண்டு தடியன்கள். அவர்கள் பெயரை யாரும் கேட்கவில்லை.

லாரி டிரைவர் சோலைமலை. எதிரி. குற்றம் சாட்டப்பட்டவனுக்குக் கோர்ட்டில் அதுதான் பெயர்.

வராந்தாவில் அவன் பெண்டாட்டி இருளம்மாள்.

பால்துரை கொஞ்சம் பிந்தி வந்தான். லாரியில் வந்தான். சோலைமலையின் வண்டி இப்போது அவன் கையில்.

கேஸ் சின்னது. ஆமத்தூர்ப் பக்கம் லாரி பின்விளக்கு இல்லாமல் போனது, ஏட்டு மறித்து எழுதிவிட்டார். ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு போய்விடும். அபராதத்தைக் கம்பெனி கட்டும். எல்லா டிரைவர்களும் அப்படித்தான் செய்தார்கள். சோலைமலையும் இரண்டு தடவை செய்தான். இரண்டு தடவையும் அவன் லைசென்சில் குறிப்பு ஏறியது. இன்னொன்று ஏறினால் லைசென்ஸ் ரத்து என்று மாஜிஸ்திரேட் போன தடவையே சொல்லிவிட்டார். வண்டி ஓட்டுவதைத் தவிர அவனுக்கு வேறு எதுவும் தெரியாது.

விளக்கு தானாக அணையவில்லை. வெடி லோடு ஏற்றினால் பின்விளக்கு வயரைக் கழற்றிவிடுவார்கள். வயர் லோடுக்கு அடியில் பலகையோடு ஓடுகிறது. எங்காவது உரசிப் பொறி விழுந்தால் வண்டி மிஞ்சாது. ஒரு தடவை விழுந்தது. முன்னால் போன லாரியை ஓட்டியவன் கருப்பணன். பின்னால் வந்த சோலைமலைதான் அவனை அள்ளினான். ஒரு சாக்கு போதுமாயிருந்தது. அதற்கப்புறம் வயரைக் கழற்றச் சொன்னதே சண்முகவேல்தான்.

ஆனால் அதைக் கோர்ட்டில் சொல்ல முடியாது. வெடி ஏற்ற அந்த லாரிக்கு அனுமதி கிடையாது. காகிதத்தில் அது காலிப்பெட்டி வண்டி.

கோர்ட்டுக்குப் பின்னால் கிணற்றடியில் சண்முகவேல் அவனை மறித்தார்.

"ஏலே சோலை, உள்ள போயி என்ன சொல்லப் போறே?"

"நடந்ததச் சொல்லுதேன் அண்ணாச்சி."

"நடந்தது என்னன்னு நான் சொல்லுதேன் கேளு. பல்பு போச்சு, நீ கவனிக்கல. ஒத்துக்கிடுதேன் எசமான். இம்புட்டுத்தான். ஒரு கிளிப்பிள்ள சொல்லிரும்."

"அப்பக் கிளியக் கூட்டியாந்து நிறுத்துங்க. லைசென்சு போறது எனக்குத்தான."

சண்முகவேல் தடியன்களைப் பார்த்துவிட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டு நடந்தார்.

ஒருவன் சோலைமலையின் கழுத்தைப் பிடித்தான். மற்றவன் அவன் இடது கையைத் துவைகல்லில் விரித்து வைத்து ஜாக்கிக் கம்பியை இறக்கினான். இரண்டு விரல் நசுங்கியது. சோலைமலை பின்மண்டையால் முட்டினான், கழுத்தைப் பிடித்தவனின் மூக்கு உடைந்தது. அதற்கு மூன்று உதை விழுந்தது, எல்லாம் வயிற்றில். கோர்ட் டவாலிச் சேவகன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

இருளம்மாள் சேலைத் தலைப்பைக் கிழித்து விரல்களைக் கட்டினாள்.

"ஒத்துக்கிட்டு வந்துருங்களேன். ரெண்டு வெரலோட போகட்டும்."

"லைசென்சு போச்சுன்னா மிச்ச வெரல வச்சு என்ன செய்ய?"

"எங்கூட வெடிக்குக் கருந்திரி முறுக்க வாங்க. ஆம்பள முறுக்குனா திரி எரியாதா?"

அவன் உள்ளே போனான்.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். ஏட்டு அபராதச் சீட்டை எழுதவே தொடங்கிவிட்டார்.

"இல்ல எசமான். உள்ள வெடி லோடு இருந்துச்சு. லோடு ஏத்துனா வயரக் கழட்டிரணும்னு கம்பெனி உத்தரவு."

மாஜிஸ்திரேட் நிமிர்ந்தார். "கையில் என்ன ரத்தம்?"

"அதுவும் கம்பெனி குடுத்ததுதான்."

சண்முகவேல் எழுந்தார். அவர் குரலில் தேன் வடிந்தது. அந்த லாரியில் வெடி ஏற்றுவதே இல்லை, காலிப்பெட்டிதான் என்றார். இவன் பல்பைக் கழற்றி விற்றுக் குடித்துவிட்டான், கிணற்றடியில் என் ஆளின் மூக்கையும் உடைத்துவிட்டான் என்றார். "வண்டி வாசல்லயே நிக்கிது எசமான். பின்விளக்கு எப்பவும் எரியிற வண்டி. ஒரு எட்டு வந்து பாருங்க."

அதற்கு அவர் முந்தின நாளே ஏற்பாடு செய்திருந்தார். புது வயர் இழுத்து எரியவைத்துப் பார்த்தாயிற்று. ஆனால் அது காலி வண்டியில். காலையில் பால்துரை லோடு ஏற்றினான். கூட்ஸ் ஷெட்டில் இறக்கிவிட்டுக் கோர்ட்டுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். தீபாவளி சீசன், ஷெட்டில் ஒரே கூட்டம். கோர்ட்டுக்கு நேரமாகிறது என்று லோடோடு வந்துவிட்டான். அதுவரை தூத்துக்குடியில் உப்பு லோடு ஓட்டியவன். வயரைக் கழற்றும் விஷயத்தை அவனிடம் யாரும் சொல்லவில்லை.

மாஜிஸ்திரேட் படியில் வந்து நின்றார். எல்லாரும் பின்னால் வந்தார்கள்.

சோலைமலை முதலில் பார்த்தது பின்சக்கரத்தை. டயர் பாரத்தில் அமுங்கிக் கிடந்தது. காலி வண்டியில் அப்படி அமுங்காது. தார்ப்பாயின் ஓரத்தில் சிவப்பு வயர் தொங்கியது. பெட்டி ஏற்றும்போது இழுபட்டு, இணைப்பில் சுற்றிய துணி அவிழ்ந்து, செம்புக் கம்பி வெளியே தெரியப் பலகையில் கிடந்தது. அதைச் சுற்றி வெடிமருந்தின் அலுமினியப் பொடி சிந்தியிருந்தது.

"சுவிட்சப் போடுப்பா" என்றார் ஏட்டு.

"போடாதலே. உள்ள லோடு இருக்கு." சோலைமலை ஓடினான்.

பால்துரை சீட்டில் இருந்தபடி சிரித்தான். "எம் வண்டியில இவன் ஏறி உக்காந்துட்டானேன்னு வயித்தெரிச்சலாடே? அங்கிட்டுப் போ."

அவன் கை சுவிட்சுக்குப் போனது. சோலைமலை அவன் தலைமுடியைப் பிடித்து வெளியே இழுத்தான். பால்துரையின் முகம் கதவு விளிம்பில் அடித்தது, இரண்டு பல் விழுந்தது. கீழே கிடந்தபடி அவன் சோலைமலையின் கட்டுப்போட்ட கையைக் குறிபார்த்து உதைத்தான். சோலைமலைக்குக் கண் இருண்டது, முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டான். அதற்குள் பால்துரை லாரிப் படியில் ஏறி மறுபடியும் உள்ளே கை நீட்டினான். இப்போது அவனுக்கு விளக்கெல்லாம் பொருட்டில்லை, ஜெயித்தால் போதும்.

சோலைமலை எழுந்து லாரிக் கதவை அந்தக் கையின் மேல் அறைந்தான். போதவில்லை. மறுபடியும் அறைந்தான். எலும்பு ஒடிந்த சத்தம் படிவரை கேட்டது. பால்துரை மண்ணில் விழுந்து கத்தினான். ஏட்டின் தடி சோலைமலையின் முதுகிலும் மண்டையிலும் விழுந்தது. அவன் கதவை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றான். நாலாவது அடியில் பிடி விட்டது.

"நானே போட்டுக் காட்டுதேன் எசமான்" என்று ஏட்டு லாரிப் படியில் கால் வைத்தார்.

"வேண்டாம் ஏட்டய்யா. தொடாதீக."

குரல் தூரத்திலிருந்து வந்தது. எல்லாரும் திரும்பினார்கள். சண்முகவேல் ரோட்டுக்கு அந்தப்புறம், முனிசிபல் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றார். வேட்டி முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தது. தடியன்களை எங்கும் காணோம்.

மாஜிஸ்திரேட் மூக்கைத் துடைத்தார். "காலிப்பெட்டிக்கா இந்த ஓட்டம்?"

ஏட்டு காலை மெதுவாகக் கீழே வைத்தார். தார்ப்பாயைத் தூக்கினார்கள். சரவெடிப் பெட்டிகள், கூரை முட்ட.

விளக்குக் கேஸ் தள்ளுபடி ஆனது. லைசென்சில் எதுவும் எழுதவில்லை. லோடு பற்றித் தனியாக விசாரணை என்றார்கள். லோடு எனக்குத் தெரியாமல் பால்துரை ஏற்றியது என்று எழுதிக் கொடுத்துவிட்டுச் சண்முகவேல் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனார். பால்துரையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கினார்கள். கை முழங்கைக்குக் கீழே இரண்டு இடத்தில் ஒடிந்திருந்தது. அவனும் இனி ஸ்டீயரிங் பிடிக்க மாட்டான்.

"நீ செய்தது புரிகிறது" என்றார் மாஜிஸ்திரேட். "ஆனால் ஒருவன் கையை ஒடித்ததை நானே பார்த்தேன். பார்க்கவில்லை என்று எழுத முடியாது."

"எழுதுங்க எசமான்" என்றான் சோலைமலை.

சப்-ஜெயில் கோர்ட்டுக்கு அடுத்த கட்டிடம். விலங்கு போட ஏட்டு அவன் கையைப் பார்த்தார். வீங்கியிருந்த கைக்கு வளையம் பற்றவில்லை. கயிறு கட்டிக் கூட்டிப் போனார். இருளம்மாள் கூடவே நடந்தாள்.

"லைசென்சு நிக்குதுல்ல?"

"நிக்குது."

"வெளிய வந்தா வண்டி யாரு குடுப்பா?"

அவன் யோசித்தான். சிவகாசியில் உள்ள கம்பெனிகளை மனசுக்குள் ஒவ்வொன்றாகப் பார்த்தான். கம்பெனிக்கு எதிராகக் கூண்டில் நின்றவனுக்கு எவனும் சாவி கொடுக்க மாட்டான்.

"ஒருத்தனும் குடுக்க மாட்டான்" என்றான்.

"இத அந்தக் கெணத்தடியிலயே யோசிச்சிருக்கலாம்."

"யோசிச்சேன்."

சப்-ஜெயில் வாசல் வந்தது. வார்டர் அவனைத் தோளில் பிடித்து உள்ளே தள்ளி, கதவைச் சாத்திப் பூட்டினான்.