வெள்ளிக்கிழமை வரவு

பங்காருவின் நிதி நிறுவனத்துக்குப் பெரிய பெயர்ப்பலகை உண்டு. ஆனால் ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. பங்காரு பேங்கு என்றால்தான் திருத்தணியில் வழி காட்டுவார்கள். ஸ்டேஷன் பக்கம் சர்க்கார் பேங்கு ஒன்று வந்துவிட்டிருந்தது. அங்கே பாரம் நிரப்ப வேண்டும், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர் நிமிர்ந்து கூடப் பார்க்க மாட்டார். பங்காரு பேங்கில் அப்படியில்லை. "வாங்கம்மா, பையனுக்கு ஜொரம் விட்டுச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் பணத்தைக் கையில் வாங்குவார்கள். அப்படிக் கேட்கிறவர் என் புருஷன் கோதண்டபாணி. அவர்தான் அங்கே கேஷியர்.

அந்த பேங்கில் ஒரு வழக்கம் இருந்தது. வெள்ளிக்கிழமையில் பணம் போடலாம், எடுக்க முடியாது. வெள்ளிக்கிழமை லட்சுமியை வாசல் தாண்ட விடக் கூடாது என்று எங்கள் பக்கத்து வீடுகளில் கைமாற்றுக் கூடத் தர மாட்டார்கள். பேங்கு வைத்தவரும் அதையே பிடித்துக்கொண்டது ஜனங்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அன்றைக்குக் கல்லாப் பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைப்பார்கள், பணம் போட வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கும் துண்டு வெல்லமும் கொடுப்பார்கள். கல்யாணத்துக்குச் சேர்க்கிறவர்கள் எல்லாம் வெள்ளிக்கிழமை பார்த்துத்தான் வருவார்கள். எங்கேயாவது நடக்குமா இந்தக் கூத்து? எங்கள் ஊரில் நடந்தது.

ஆடி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, அம்மையார்குப்பத்திலிருந்து என் அக்கா தேவகி பஸ் பிடித்து வந்தாள். அவள் வீட்டில் எல்லோரும் தறி வேலை. பெண் அம்சாவுக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை அரக்கோணத்தில் ரயில்வே வேலை. அதற்காக அக்காவும் அவள் புருஷன் துளசிங்கமும் தங்களுக்கென்று இருந்த ஒரே துண்டு நிலத்தை விற்றிருந்தார்கள். கல்யாணம் வரைக்கும் பேங்கில் இருக்கட்டும் என்று அந்தப் பணத்தைப் புடவைக்குள் இடுப்பில் கட்டிக்கொண்டு, உட்காரக் கூட முடியாமல் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறாள்.

"மனோ, பஸ்ஸுல ரெண்டு பேர் பேசிகினு வந்தாங்க. பங்காரு கனகம்மாசத்திரத்தாண்ட எண்ணெய் மில்லு கட்டி, பணமெல்லாம் அதுல மாட்டிகிச்சாமே. மெட்ராஸுக்கும் இங்கயும் ஓடிகினு இருக்காராமே?"

"யார் கண்டா? எங்க வூட்டுக்காரர் அங்கதானே உக்காந்துகினு இருக்காரு. அவரையே கேட்டுட்டுப் போடு" என்றேன். அவளோடு நானும் போனேன்.

பேங்கு வாசலில் கூட்டம் இருந்தது. ஆனால் யாரும் உள்ளே நெருங்கவில்லை. வதந்தியைக் கேட்டு வந்தவர்கள்தான். வெள்ளிக்கிழமை என்பதால் கொடு என்று கேட்கவும் வாய் வரவில்லை. கோயிலில் சாமிக்குத் திரை போட்டிருக்கும்போது நிற்பது போல நின்றார்கள். நாங்கள் உள்ளே போனதும் எல்லாக் கண்ணும் எங்கள் முதுகில் இருந்தது.

அக்கா கவுண்டர் கம்பியருகே குனிந்து மெதுவாகத்தான் கேட்டாள். "தம்பி, ஊர்ல இன்னாவோ பேசிக்கிறாங்க. இது அம்சா பணம். போடலாமா?"

அவர் எழுந்து போய்ப் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார். வாசலைப் பார்த்தார். பிறகு, "ஆங், போடுங்கக்கா" என்றார்.

அக்கா முடிச்சை அவிழ்த்தாள். கேஷியர் பெண்டாட்டியின் அக்காவே போடுகிறாள் என்றதும் வாசலில் நின்றவர்களுக்கு மூச்சு வந்தது. தேங்காய்க் கடை ராஜமாணிக்கம், "நம்மாளுங்களே போடறாங்க, அப்புறம் இன்னா?" என்று சிரித்துக்கொண்டே மடியிலிருந்து எடுத்துப் போட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர். எல்லோருக்கும் வெல்லம் கிடைத்தது.

சனிக்கிழமை காலை பேங்கு திறக்கவில்லை. பங்காரு வீட்டிலும் பூட்டு. மெட்ராஸ் போனவர் திரும்பவே இல்லை, குடும்பமும் எந்நேரமோ கிளம்பிவிட்டிருந்தது. அவ்வளவு கூட்டமும் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது. வேறு யாரிடம் போவார்கள்? இவர் வெளியே போய் நின்றார். ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். ராஜமாணிக்கம் சட்டையைப் பிடித்து உலுக்கினார். கடைசியில் போலீஸ் வந்து அழைத்துப்போய், சாயங்காலம் விட்டுவிட்டார்கள்.

அன்றைக்குத்தான் அடுப்பங்கரையில் உட்கார்ந்து என்னிடம் சொன்னார். "எனக்கு வியாழக்கிழமையே தெரியும், மனோ. பெட்டியில ஒண்ணுமில்ல. நாளைக்கு வெள்ளி, யாரும் எடுக்க மாட்டாங்க, நான் மெட்ராஸ்ல பொரட்டிகினு வந்துடறேன், நீ மூஞ்சி மாறாம உக்காந்துகினு இருன்னு மொதலாளி சொன்னாரு. நம்பிட்டேன். உங்கக்காவைத் திருப்பி அனுப்பியிருந்தா, பின்னாடி நின்னவங்க அப்பவே அடிச்சு நொறுக்கியிருப்பாங்க. ஒரு நாள் தாண்டினா எல்லாருக்கும் கெடைச்சிடும்னு நெனச்சேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கரண்டியாலேயே அடித்திருப்பேன். "நம்ம பணம்? அதையாவது எடுத்தீங்களா?"

"இல்ல. எப்படி எடுக்கிறது?"

இந்த மனிதரை என்ன சொல்லித் திட்டுவது? திருடியிருந்தால் திருடன் என்று திட்டலாம். எங்கள் சேமிப்பையும் அங்கேயே விட்டுவிட்டு, மற்றவர்கள் காசையும் முதலாளி பேச்சை நம்பி வாங்கிப் போட்டவரை என்ன செய்வது? வெகுநேரம் அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னேன். "உங்களுக்குத் தெரியும்னு எனக்கு மட்டும்தான் தெரியும். அக்கா வருவா. கேட்டா தெரியாதுன்னு சொல்லிடுங்க. எனக்குன்னு அவ ஒருத்திதான் இருக்கா."

தலையாட்டினார்.

அடுத்த வாரம் அக்கா வந்தாள். அதற்குள் அரக்கோணத்துக்காரர்கள் வேறு இடம் பார்த்துவிட்டார்கள். அவள் கூச்சல் போடவில்லை, சபிக்கவில்லை. உட்கார்ந்தாள், நான் கொடுத்த மோரைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"அம்சா நைனா உங்க வாசலை மிதிக்கவே கூடாதுன்றாரு, தம்பி. தெருவே அப்படித்தான் பேசுது. தெரிஞ்சே வாங்கிட்டான்னு. நான் ஒருத்திதான் சண்டை போட்டுகினு இருக்கேன். என் தங்கச்சி வூட்டுக்காரர் அப்படிப்பட்டவர் இல்ல, தெரிஞ்சிருந்தா என் கையைப் புடிச்சுத் தடுத்திருப்பாருன்னு சொல்லிகினு வரேன். உங்க வாயால ஒரு வார்த்தை கேட்டுகினு போனா, அவர்கிட்ட சொல்லிடுவேன். அன்னிக்கு உங்களுக்குத் தெரியாதுதானே?"

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெரியாதுக்கா என்று ஒரே சொல். அதற்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை. மனசுக்குள் மலைமேல் இருக்கிறவனைக் கூப்பிட்டேன், இந்த ஒரு பொய்யை மட்டும் இவர் வாயில் வைத்துவிடப்பா என்று.

அவர் கைகூப்பினார்.

"தெரியும்க்கா."

அக்கா மோரைக் கீழே வைத்தாள். குடித்திருக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதிலிருந்தே எனக்கும் தெரியும் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அன்னிக்கு நெசத்தைக் கேட்டேன், பொய் சொன்னீங்க" என்றாள் அவரிடம். குரல் உயரவே இல்லை. "இன்னிக்கு ஒரு பொய்யை வாங்கிகினு போகத்தானே வந்தேன். அதையும் குடுக்கலியே, தம்பி."

எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். நான் வாசல் வரை ஓடினேன், "அக்கா" என்று கூப்பிட்டேன். திரும்பாமலே போய்விட்டாள். உள்ளே வந்து இவரைப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து, ரொம்ப நாளைக்குப் பிறகு தூக்கம் வந்தவர் போல உட்கார்ந்திருந்தார். அவர் தலையிலிருந்து பாவம் இறங்கிவிட்டது. என் தலையில்தான் ஏறி உட்கார்ந்தது. உண்மை பேசிய புருஷன்மேல் கோபப்படுகிறேனே என்று என்னை நானே நொந்துகொண்டாலும், அந்தக் கோபம் இன்றைக்கும் தீரவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அம்சாவுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை மனைவியை இழந்தவர், வயதும் கூட. எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோர் வீட்டுக்கும் பத்திரிகை வந்தது. எங்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. கல்யாணத்தன்று காலையில் குளித்து நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு, எங்கே போவதென்று தெரியாமல் கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அவர் பார்த்தார். "நீயாவது போயிட்டு வாயேன். உன் அக்கா பொண்ணுதானே" என்றார்.

"போறேன். பந்தல்ல யார் வூட்டு ஆளும்மா நீன்னு கேட்டா, யாருன்னு சொல்றது?" என்றேன்.

நான் புடவையை அவிழ்த்து மடித்து வைத்தேன்.