பதினாறு வீடு

முத்துப்பேட்டையிலிருந்து வடக்கே போகும் சாலையில், வாய்க்கால் மதகைத் தாண்டி இடப்பக்கம் இறங்கினால் இருபத்து மூன்று வீடுகள் இருக்கின்றன. அந்த இடத்துக்குப் பெயர் பதினாறு வீடு. வீடுகள் கூடிய பிறகும் யாரும் பெயரை மாற்றவில்லை. அரசாங்கப் பதிவில் அப்படி ஓர் ஊரே கிடையாது. இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெரிய ஊரின் கடைசித் தெரு, அவ்வளவுதான்.

ஐப்பசியில் ஒருநாள் மதியம் மலர்கொடி மீன் விற்றுவிட்டுத் திரும்பி வண்டியை நிறுத்தும்போதே எதிர்வீட்டில் அம்சவல்லி முனகுவது கேட்டது. தலைப்பிரசவம். மருத்துவர் சொன்ன தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அவள் புருஷன் சேரன் நடவு வயலிலிருந்து ஓடிவந்த சேற்றுக் காலோடு, போனும் கையுமாக வாசலில் நின்றான்.

"ஆம்புலன்ஸ் வந்துட்டுதாம் அக்கா. ஆனா பெரிய ஊர்ல போய் நிக்கிறாங்களாம். அங்க கடைசித் தெருவுல பிள்ளைத்தாச்சி யாருமே இல்லைங்கறாங்களாம்."

மலர்கொடி கூடையைக்கூட இறக்காமல் வண்டியைத் திருப்பினாள். பெரிய ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஆம்புலன்ஸ் வழி தெரியாமல் நின்றுகொண்டிருந்தது.

"பதினாறு வீடுன்னு போன்ல தேடினா அப்படி ஒரு ஊரே வரலைம்மா," என்றார் ஓட்டுநர்.

"என் பின்னாடியே வாங்க."

ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் ஆம்புலன்ஸிலேயே பெண்குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். ஆனால் இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு மலர்கொடியைப் பல நாள் விடவில்லை.

பதினாறு வீட்டைத் தனி ஊராகப் பதிய முடியுமா என்று ஊராட்சி அலுவலகத்தில் கேட்டாள். "தனி ஊர்னு ஆக்கறதெல்லாம் பெரிய வேலைம்மா. பலகை வேணும்னா நீங்களே வெச்சுக்குங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்," என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்த் தொட்டியடியில் எல்லோரும் கூடினார்கள். சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்திருந்த சபரிநாதன், "எழில் நகர்னு வைப்போம். கேக்க நல்லாயிருக்கும்," என்றான்.

பெரியவர் மாரியப்பனுக்கு அது பிடிக்கவில்லை. "இருக்கறது இருபத்து மூணு வீடு. அதையே எழுதுங்க. பதினாறுன்னு பொய்க் கணக்கு எதுக்கு?"

"நாளைக்கு இன்னொரு வீடு கட்டினா?" என்றான் சேரன்.

பேச்சு வளர்ந்துகொண்டே போனது. மலர்கொடி எழுந்தாள். "அன்னிக்கு சேரன் பதறிக்கிட்டு போன்ல என்ன சொன்னான்? பதினாறு வீடுன்னுதானே? உசுரு போற அவசரத்துல நம்ம வாயில எந்தப் பேரு வருதோ, அதை எழுதுங்க."

மாரியப்பனே, "சரிதான் புள்ள," என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

பலகை எழுத வந்த பெயின்டர் அஸார், "கீழே பெரிய ஊரு பேரையும் போடவாக்கா?" என்று கேட்டார்.

"போடுங்க. அவங்களோட நமக்கென்ன சண்டையா? கொஞ்சம் சின்னதாப் போடுங்க."

மதகோரம் குழி தோண்டிக் கம்பத்தை நட்டார்கள். மலர்கொடி சுற்றி மண்ணைத் தள்ளி மிதித்துக்கொண்டிருந்தபோது, சாலையில் போன ஒருவர் பைக்கை நிறுத்திப் பலகையைப் படித்தார். சபரிநாதன் என்பவருக்குப் பார்சல் வந்திருக்கிறது, உள்ளே போகும் வழி இதுதானா என்று கேட்டார்.

"இதாங்க. நேராப் போங்க," என்று மலர்கொடி மண் ஒட்டிய கையை நீட்டிக் காட்டினாள்.