பூக்குழியில் நின்றவள்

ராக்காயி பூக்குழியின் நடுவே நின்றுவிட்டாள். பூ மிதிக்கிறவர்கள் ஓடுவார்கள், இல்லையென்றால் விரசாக நடப்பார்கள். நின்றவர்களை அந்த ரப்பர் தோட்டத்தில் யாரும் கண்டதில்லை. இவளோ நின்றாள், குனிந்து தன் காலைப் பார்த்தாள், பிறகு கடைக்குப் போகிறவள் மாதிரி நிதானமாகக் கரையேறினாள். கூட்டம் “ஆத்தா!” என்று அலறியது. பூசாரி சன்னாசி உடுக்கையைக் கீழே போட்டுவிட்டு அவள் காலில் விழுந்தார்.

ஏன் நின்றாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். தணலில் இறங்கிவிட்டோமா, இன்னும் மண்ணில்தான் நிற்கிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை. பார்த்துக்கொள்ளத்தான் நின்றாள்.

அதற்கு முந்தைய தீபாவளிச் சமயத்தில் அவள் புருஷன் சீனி மலேரியாக் காய்ச்சலில் பிழைப்பானா மாட்டானா என்று கிடந்தபோது, மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டாள்: “மூணு வருசம் பூ மிதிக்கிறேன். அது முடியிற வரைக்கும் ஒருவேளைப் பச்சரிசிச் சோறுதான், தாயே.” சீனி எழுந்து உட்கார்ந்தான். தோட்டத்தில் கிடைப்பது புழுங்கல் அரிசி. ஏற்கெனவே ஒருமுறை வெந்தது சாமி காரியத்துக்கு ஆகாது. அதனால் ஈப்போ டவுன் கடையிலிருந்து மிஷினில் தீட்டிய சியாம் பச்சரிசி வந்தது. மல்லிகை மொட்டு போல அத்தனை வெள்ளை. அதைப் புளித்தண்ணியில் பிசைந்து தின்றாள். லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் பொறாமைப்பட்டார்கள்.

பூ மிதித்த மறுநாள் காலையில் சீனிதான் பார்த்தான். இரண்டு உள்ளங்காலும் கொப்புளம். அதன் மேலேயே நின்றுகொண்டு அவள் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள்.

“வலிக்கலையா புள்ள?”

“எது?” என்றாள் ராக்காயி.

அதற்குள் ஊர் முந்திக்கொண்டது. அம்மன் அவள் பாதத்தில் குடியிருப்பதாகச் செய்தி பரவி, தூரத்துச் சித்தியவான் ஊரிலிருந்துகூட ஆட்கள் அவள் கையால் திருநீறு வாங்க வந்தார்கள். வேலை வாங்கும் கங்காணியே கும்பிடு போட்டார். பொய் சொல்வானேன், கொஞ்ச நாள் அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. ஆனால் திருநீறு விரலிடுக்கில் நிற்காமல் கொட்டியது. மரத்தடியில் பால் வெட்டக் குந்தினால் எழ முடியவில்லை. கத்தி கையிலிருந்து நழுவியதே தெரியவில்லை. பெருவியாதிதான், குஷ்டம்தான் என்று முடிவு கட்டிக்கொண்டாள். பெருவியாதி வந்தவர்களை ஏற்றிக்கொண்டு போவார்கள். அவர்கள் திரும்பி வந்து யாரும் பார்த்ததில்லை. பயந்துகொண்டே தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அங்கே மருந்து கொடுக்கும் டிரெசர் லூர்துசாமி மாதா கோயில் தவறாதவர். பூக்குழிப் பேச்சே எடுக்கவில்லை.

“கைய தலைமேல வச்சுக் குந்துங்கக்கா. இப்ப எந்திரிங்க.”

குந்தினாள். எழ முடியாமல் பக்கவாட்டில் சாய்ந்தாள். ஊசி முனையால் பாதத்திலிருந்து குத்திக்கொண்டே வந்தார். முழங்காலுக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. தோல் முழுக்கத் தேமல் தேடினார், இல்லை. பிறகு, என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். அவள் சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்தது.

“பெருவியாதி இல்லக்கா. இது பெரிபெரி.”

“அது லம்பத்துச் சுரங்கத்துல ஈயம் தோண்டுற சீனவங்களுக்குல்ல வரும்?”

“அவங்க திங்கிற அரிசியத்தான நீங்களும் திங்கிறீங்க. நம்ம புழுங்கல்ல, நெல்லோட அவிக்கிறப்பவே தவிட்டுச் சத்து அரிசிக்குள்ள எறங்கிடும். இதுல மிஷின்காரன் வெள்ளையாத் தீட்டி, சத்த தவிட்டோட தள்ளிடுறான். புழுங்கலுக்கு மாறிடுங்க, சரியாப் போகும்.”

“மாற மாட்டேன் சார். வேண்டுதல் கெட்டு அவருக்குக் காய்ச்சல் திரும்புனா?”

“மாறலன்னா காலு போயிடும். அப்புறம் நெஞ்சப் பிடிக்கும்.”

புருஷன் உயிரா, தன் காலா? ராக்காயி தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்தவள் மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தாள்.

“அந்தத் தவிடு எங்க சார் போகுது?”

“கோழிக்கு, பன்னிக்கு.”

“அதுவும் பச்சரிசியோடதுதான?”

லூர்துசாமி மேசையைத் தட்டிச் சிரித்தார். சலித்த தவிட்டை வறுத்துக் கஞ்சியில் கலக்கச் சொன்னார். கூடவே நிறைய பச்சைப் பயறு.

சன்னாசி கோயில் வாசலிலேயே மறித்தார். “விரதக்காரி தவிடும் பயறும் திங்கிறதா? ஆத்தா சும்மா விடுவாளா?”

“பூசாரி அண்ணே, வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஆத்தாளுக்குப் பயறுச் சுண்டல்தான படைக்கிறீங்க? அவ திங்கிறத நான் திங்கக்கூடாதா? தவிடு பச்சரிசிக்குள்ள இருந்து வந்தது. மிஷின்காரன் திருடுனத நான் திருப்பி எடுத்துக்கிறேன். இதுல எந்த வேண்டுதல் கெட்டுப்போச்சு?”

பக்கத்தில் நின்ற சீனி, “அவ சொல்றது சரிதாண்ணே,” என்றான். காய்ச்சலில் கிடந்தவனே சொன்ன பிறகு சன்னாசி வழியை விட்டார்.

தவிட்டுக் கஞ்சி தொண்டையில் உமியாய்க் குத்தியது. திருநீறு வாங்க வந்தவர்கள் குறைந்தார்கள். கோழித்தீனி தின்கிற சாமி என்று கேலியும் பேசினார்கள். அவள் தின்றாள். மாதங்கள் போயின. மழைக்காலத்து ஒரு காலையில், மர நிரையில் பால் வெட்டிக்கொண்டிருந்தவள் வீரிட்டுக் கத்தினாள். பாம்பு என்று நினைத்து ஆட்கள் ஓடி வந்தார்கள்.

“முசுறு எறும்பு கடிச்சிருச்சு! கால்ல கடிச்சிருச்சு!” ராக்காயி குதித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர், வாயெல்லாம் சிரிப்பு. இந்தப் பொம்பளைக்கு மூளை குழம்பிவிட்டது, தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று கங்காணி முணுமுணுத்தார்.

மறு வருடம் பூக்குழி கனன்றது. போன வருட அதிசயத்தைப் பார்க்கப் பல தோட்டத்து ஜனம் கூடியிருந்தது. சன்னாசி உடுக்கையை அடிக்க, ராக்காயி இறங்கினாள். இறங்கினவள் நிற்கவில்லை. “ஐயோ, சுடுது! சுடுது!” என்று அலறிக்கொண்டே ஒரே ஓட்டமாய் ஓடி, பூ மிதித்த காலைக் குளிர்விக்கக் கரையில் வெட்டியிருந்த பால்குழிக்குள் தொப்பென்று குதித்தாள். உள்ளங்காலில் ஒரு கொப்புளம்கூட இல்லை. சீனி கை கொட்டிச் சிரித்தான். கூட்டம்தான் ஏமாந்து போய் நின்றது.

சன்னாசி குனிந்து வருத்தத்தோடு சொன்னார்: “போன வருசம் ஆத்தா உன் பாதத்துல இருந்தா. இந்த வருசம் இல்லையே தாயி.”

பால்குழியில் காலை அளைந்துகொண்டே ராக்காயி தலை நிமிர்ந்தாள்.

“இந்த வருசந்தாண்ணே வந்திருக்கா.”