சுவருக்குக் காரணம் போதவில்லை

பேருந்து நிலையத்து டைம்கீப்பருக்கு எழுத்தாளராவதற்கான எல்லா வசதியும் உண்டு. ஒரு பேருந்தை அனுப்பிவிட்டு அடுத்ததை அனுப்பும்வரை ஓய்வு, கம்பி வைத்த ஒரு சின்ன அறை, பின்பக்கம் வெறுமையாகக் கிடக்கும் பழைய கால அட்டவணைகள், அலுவலகம் கொடுத்த பேனா. இத்தனையும் இருந்தும் எழுதாமல் இருப்பது பாவம் என்று நினைத்தாரோ என்னவோ, எட்டு மாதம் மூச்சுவிடாமல் எழுதி, நூற்றுப் பன்னிரண்டு காட்சிகளில் ஒரு திரைக்கதையை முடித்துவிட்டார். தலைப்பு ‘கூடப் பிறந்த பகை’. இடையில் சில பேருந்துகள் நேரம் தப்பிக் கிளம்பின. அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. அந்த ஊரில் பேருந்து சரியான நேரத்துக்குக் கிளம்பினால்தான் சந்தேகப்படுவார்கள்.

கதை சொந்தக் கதைதான். அப்பா விட்டுப்போன வீட்டில் இடது பாதி அண்ணனுக்கு, வலது பாதி இவருக்கு, பின்னால் முற்றம் பொது. அண்ணன் தன் பாதியில் மாவு மில் வைத்திருக்கிறார். ஏழு வருடத்துக்கு முன் ஒரு மாலை இவர் வேலை முடிந்து வந்து பார்த்தால், முற்றத்தின் குறுக்கே ஆள் உயரத்துக்கு ஒரு சுவர். சிமெண்ட் இன்னும் காயவில்லை. அண்ணன் கையில் கரண்டியுடன் கடைசி வரிசைச் செங்கலை வைத்துக்கொண்டிருந்தார். இவருக்கு மூக்கின்மேல் கோபம். நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தினார். இனி நீ யாரோ நான் யாரோ என்றார். அண்ணனோ வாயைப் பிடுங்கினாலும் பேசாத மனிதர். செங்கலை வைத்து முடித்துவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றோடு பேச்சு நின்றது.

நின்றது இவருக்கு மட்டும்தான். மனைவியும் மகளும் தெருவழியாகச் சுற்றிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போவதும் வருவதுமாகவே இருந்தார்கள். இது இவருக்கு ஆறாத எரிச்சல். ஊருக்கு நியாயம் தெரிய வேண்டும், வெள்ளித்திரையில் தெரிந்தால் இன்னும் நல்லது என்ற முடிவுக்கு இவர் வந்தது அப்படித்தான்.

வழியும் கிடைத்தது. படக் கம்பெனி ஒன்று சிற்றூர்க் கதைகள் வேண்டும் என்று அறிவித்திருந்தது. வருகிற ஒவ்வொரு திரைக்கதையையும் ஒரு வாசகர் படித்துக் கருத்து எழுதுவார். திருத்தி இரண்டு முறை திரும்ப அனுப்பலாம். வாசகர் பரிந்துரைத்தால் இயக்குநரின் மேஜைக்குப் போகும். டைம்கீப்பரின் மனைவிக்குப் பேருந்து நிலையத்துக்கு எதிரே டைப்பிங் சென்டரில் வேலை. அவருடைய கையெழுத்தை உலகத்தில் படிக்கத் தெரிந்த ஒரே ஆளும் அவள்தான். ஒவ்வொரு வரியையும் வாய்க்குள் முணுமுணுத்தபடியே அடித்து முடித்து அனுப்பிவைத்தாள். கதை எப்படி என்று இவர் கேட்டதற்கு, எழுத்துப்பிழை அதிகம் என்றாள்.

ஒரு மாதத்தில் கருத்து வந்தது. கீழே பெயர் இல்லை, ‘வாசகர் எண் நான்கு’ என்று மட்டும் இருந்தது.

‘அண்ணன் பாத்திரம் அபாரம்’ என்று தொடங்கியிருந்தார் வாசகர் எண் நான்கு. ‘இவர்தான் கதாநாயகன் என்று நினைத்துப் படித்துக்கொண்டு போனேன். தம்பிதான் கதாநாயகன் என்பது எழுபதாம் பக்கத்தில் தெரியவந்தது. காட்சி 31: மழை பெய்கிறது. தெருவில் நிற்கும் தம்பியின் மோட்டார் சைக்கிளை அண்ணன் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, நனைந்துகொண்டே உள்ளே போகிறார். இந்தத் திரைக்கதையின் சிறந்த காட்சி இதுவே. ஆனால் இதை ஜன்னல் வழியே பார்க்கும் தம்பி, “என் வண்டியப் பாக்கக்கூட உனக்குப் பிடிக்கலையா?” என்று ஏன் கொதிக்கிறான்? புரியவில்லை. வசனத்தை நீக்கவும்.’

டைம்கீப்பரின் முகம் சுண்டிப்போனது. சுவர் வந்தபிறகு முற்றத்தின் ஒரே கேட் அண்ணன் பக்கம் போய்விட்டது. வண்டியைத் தெருவில்தான் நிறுத்த வேண்டியிருந்தது. மழைக்கு மழை அண்ணன் அதை மூடுவது உண்மை. இவர் அந்தத் தார்ப்பாயை உதறித் தெருவில் எறிவதும் உண்மை. அண்ணனின் வெறுப்புக்கு அசைக்க முடியாத ஆதாரம் என்றல்லவா அதை எழுதியிருந்தார்! யார் பக்கம் பேசுகிறான் இந்த நாலாம் நம்பர் என்று மனைவியிடம் பொருமினார். அவள், நடந்ததைத்தானே எழுதியிருக்கிறீர்கள், அப்புறம் என்ன என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

விடுவாரா மனிதர்? திருத்தினார். அண்ணனுக்கு முறுக்கு மீசை வைத்தார். ஒன்பது இடங்களில் அட்டகாசமாகச் சிரிக்கவைத்தார். நிஜ அண்ணன் சத்தம்போட்டுச் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

இரண்டாவது கருத்து இன்னும் மோசம். ‘புதிய சிரிப்புகள் அண்ணனுக்குப் பொருந்தவில்லை. தார்ப்பாய் போட்டவர் இப்படிச் சிரிக்க மாட்டார். இவற்றை வேறு யாரோ எழுதியதுபோல் இருக்கிறது. முக்கியக் குறை: சுவருக்குக் காரணம் போதவில்லை. தம்பி பதினொரு காட்சிகளில் கத்துகிறான். ஒரு காட்சியில்கூட யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அண்ணன் சுவர் கட்டிய அந்த மதியத்தைக் காட்சியாக எழுதவும். அது மட்டும் இருந்தால் தயங்காமல் பரிந்துரைப்பேன். பத்து நாள் அவகாசம்.’

தயங்காமல் பரிந்துரைப்பேன் என்ற வரியை டைம்கீப்பர் எத்தனை முறை படித்தார் என்பதற்குக் கணக்கில்லை. இனி ஒரே ஒரு காட்சிதான் பாக்கி. அந்த ஒரு காட்சி அவரிடம் இல்லை. பேராசை, பொறாமை, அண்ணியின் தூபம் என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தார். மூன்றையும் கிழித்தார். நாலாம் நம்பர் நம்ப மாட்டான் என்று தெரிந்தது. அதைவிட மோசம், அவருக்கே நம்பிக்கை வரவில்லை.

ஏழாவது நாள் பேனாவும் தாளுமாக மில்லுக்குப் போனார். தம்பியாகப் போகவில்லை, எழுத்தாளராகத்தான் போகிறோம் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மில்லில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். புருவமெல்லாம் மாவாக நின்றிருந்த அண்ணன் இவரைப் பார்த்ததும் ஓடிக்கொண்டிருந்த மிஷினை நிறுத்திவிட்டார். காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அண்ணன் அதைக் காதில் வாங்காமல் இவரைப் பின்கதவுப் பக்கம் கூட்டிப்போனார். கதவுக்கு அப்பால் அந்தச் சுவர் நின்றது.

“ஒரு கதை எழுதறேன். அதுல இந்தச் சுவர் வருது. எதுக்குக் கட்டினன்னு தெரியணும்” என்றார் டைம்கீப்பர்.

அண்ணன் கையிலிருந்த மாவைத் தட்டினார். தட்டி முடித்த பிறகும் தட்டிக்கொண்டிருந்தார்.

“உன் பொண்ணு அப்ப தவழ்ற வயசு. மதியம் மிஷின் ஓடிட்டிருக்கு. திரும்பிப் பாத்தா, இந்தக் கதவு வழியா வந்து பெல்ட்டுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கா. கையை நீட்டிட்டா. ஒரு முழம்கூட இல்லடா.”

டைம்கீப்பர் திரும்பி அந்த பெல்ட்டைப் பார்த்தார்.

“தூக்கிட்டுப் போனேன். அவ அம்மா அசந்து தூங்கிட்டிருந்தா. எழுப்பாம பக்கத்துல படுக்க வெச்சுட்டு வந்து கட்ட ஆரம்பிச்சேன். மூட்டை தூக்கிட்டு ஆளுங்க வந்து போற இடம், கதவச் சாத்தினா யாராவது தொறந்துடுவாங்க.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா அவளத்தான் பிடிச்சிருப்ப. குழந்தையப் பாக்காம என்ன தூக்கம்னு. ஆயுசு முழுக்கச் சொல்லிக் காட்டியிருப்ப.” அண்ணன் மிஷின் பக்கம் திரும்பினார். “என்னைத் திட்டினா பரவால்ல. மிஷின் சத்தத்துல எனக்கு எதுவும் கேக்காது.”

அப்படி இல்லை என்று சொல்ல டைம்கீப்பர் வாயெடுத்தார். அப்படித்தான் என்று அவருக்கே தெரிந்தது. குழம்பில் உப்பு கூடியதையே மூன்று வருடம் சொல்லிக் காட்டுகிற ஆள் அவர். வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார். பின்னால் மிஷின் மறுபடியும் ஓடத் தொடங்கியது.

மறுநாள் தன் அறையில் உட்கார்ந்து அந்தக் காட்சியை எழுதினார். தவழும் குழந்தை, சுழலும் பெல்ட், தூங்கும் தாய், முதல் செங்கல். நாலு பக்கம், ஒரு வசனம் இல்லை. அவர் எழுதியதிலேயே அதுதான் எழுத்து. எழுதி முடித்து நிமிர்ந்தபோது வெளியே மூன்று ஓட்டுநர்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று வண்டியையும் ஒரே விசிலில் அனுப்பிவிட்டு, தலைகால் புரியாமல் டைப்பிங் சென்டருக்கு ஓடினார்.

மனைவி நிமிர்ந்து பார்த்து, கொடுங்கள் என்று கையை நீட்டினாள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஒவ்வொரு வரியையும் வாய்க்குள் சொல்லிச் சொல்லித்தானே அடிப்பாள்! பெல்ட், ஒரு முழம், அசந்து தூங்கும் தாய். சரி, இவளை விட்டு வேறு யாரிடமாவது கொடுக்கலாம், ஒவ்வொரு சொல்லாகப் படித்துக்கூடக் காட்டலாம். ஆனால் படம் வந்துவிட்டால்? முதல் வரிசையில் உட்கார்ந்து பார்ப்பது யார்? அண்ணன் ஏழு வருடம் திட்டு வாங்கிக் காப்பாற்றியதை இவர் இடைவேளைக்கு முந்திய காட்சியாக்கி ஊருக்கே போட்டுக் காட்டுவதா?

நாலு பக்கத்தையும் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். புதிதாக ஒன்றும் இல்லை, அந்த ஒன்பது சிரிப்பையும் எடுத்துவிடு, காட்சி 31-இல் அந்த வசனத்தையும் எடுத்துவிடு, அப்படியே அனுப்பு என்றார். சுவருக்குக் காரணம் கேட்டிருந்தார்களே என்றாள். அது கிடக்கட்டும் என்றார். அந்த வாரம் மழை பெய்து ஓய்ந்ததும் வண்டிமேல் கிடந்த தார்ப்பாயை நாலாக மடித்து மில்லில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். இந்த மனிதருக்கு என்ன ஆயிற்று என்று அவள் யோசித்தாள்.

கடைசிக் கருத்து ஒரு சனிக்கிழமை வந்தது. அவள் அதை அச்செடுத்து வைத்திருந்து, மறுநாள் காலை வீட்டில் அவருக்கு வாசித்துக் காட்டினாள். ‘வசனம் இல்லாத காட்சி 31 மிகவும் நன்று. ஆனால் சென்ற முறை கேட்டும் சுவருக்குக் காரணம் வரவில்லை. ஆசிரியருக்கே அது தெரியவில்லை என்றுதான் கொள்ள வேண்டும். தன் மனிதர்களைத் தெரிந்துகொள்ளும் அக்கறை இல்லாத எழுத்து. பரிந்துரைக்க இயலவில்லை.’

டைம்கீப்பரின் கை தன்னையறியாமல் சட்டைப்பையைத் தொட்டது.

“அவர் சொல்றது நியாயந்தானே?” என்றாள். “ஏழு வருஷம் ஆச்சு. ஒரு தடவை போய் உங்க அண்ணனக் கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். கத்தறதுக்கு நேரம் இருந்துது, கேக்க நேரம் இல்ல. இப்ப பாருங்க, கைக்கு வந்தது போயிடுச்சு.”

“ஆமா” என்றார். “கேக்காம விட்டுட்டேன்.”

அவர் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது அவளுக்கு எரிச்சலைத்தான் கூட்டியது. அக்கறை கெட்ட மனுஷன் என்பதில் ஆரம்பித்து, அவருடைய கோபம், வீராப்பு, வீணாய்ப்போன எட்டு மாதம் என்று ஒன்று விடாமல் எடுத்துச் சொன்னாள். அன்று மில்லுக்கு விடுமுறை. அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவருக்குத் தெளிவாகக் கேட்டது.